திரையிலிருந்து நாவுக்கு: பேச்சுப் பயிற்சியில் வீடியோ முன்மாதிரி

பேச்சு வரத் தாமதமாகும் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப்போனால் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, “பிள்ளை எவ்வளவு நேரம் போன் பார்க்குது?” என்பது. போனை நிறுத்தச் சொல்லி அனுப்புகிறார்கள். சில மாதங்கள் கழித்து அதே குழந்தை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறது. அங்கே தெரபிஸ்ட் அரை நிமிட வீடியோ ஒன்றை அம்மாவின் போனுக்கு அனுப்பி, “தினமும் இரண்டு தடவை போட்டுக் காட்டுங்க” என்கிறார். எதைக் கேட்பது என்று பெற்றோர் குழம்புகிறார்கள். இரண்டு அறிவுரைகளும் சரியானவையே. அவை எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று புரிய, வீடியோ முன்மாதிரி என்ற பயிற்சிமுறை எப்படி வளர்ந்தது, அதைப் பற்றி ஆய்வுகள் எவ்வளவு தூரம் உறுதி சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முறையின் அடிப்படை எளியது. ஒருவர் கற்க வேண்டிய ஒரே ஒரு பேச்சுச் செயலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பொருளைக் கேட்பது, வீட்டுக்கு வந்தவரை வரவேற்பது, கேள்விக்குப் பதில் சொல்வது, ஓர் ஒலியை உச்சரிப்பது என எதுவாகவும் அது இருக்கலாம். அதை யாரோ ஒருவர் சரியாகச் செய்வதைச் சிறு வீடியோவாக எடுக்கிறார்கள். கற்பவர் அதைப் பார்க்கிறார். பார்த்த கையோடு அதே பொருள், அதே சூழல் அவருக்குத் தரப்படுகிறது. அவர் செய்து பார்க்கிறார்.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைவு, பக்கவாதம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் பேச்சுச் சிக்கல்கள் இந்த எண்ணிக்கைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஆட்டிசமும் அதில் தனித்தனியே இடம்பெற்றன. சட்டம் ஏற்றாலும், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். சிற்றூர்க் குடும்பத்துக்குக் கிடைப்பது வாரத்தில் ஒருநாள், முக்கால் மணி நேரம். அதற்கே அரை நாள் பஸ்ஸில் போய்விடும். மீதி ஆறு நாளும் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் குழந்தையின் பேச்சைத் தீர்மானிக்கிறது. வீடியோ முன்மாதிரி நமக்கு முக்கியமாவது அந்த ஆறு நாட்களுக்காகத்தான்.

வேர்கள்

மனிதர் பார்த்தே பெருமளவு கற்கிறார்கள் என்பதைச் சோதனையால் நிறுவியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. ஸ்டான்ஃபோர்டில் அவரும் சகாக்களும் 1961இல் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் பின்னர் தாங்களும் அதே போல் அடித்தார்கள். 1963இல் அதே காட்சியைப் படமாகக் காட்டினார்கள். அப்போதும் குழந்தைகள் அப்படியே செய்தார்கள். திரையில் வரும் மனிதரும் முன்மாதிரி ஆக முடியும் என்பது அங்கே தெளிவானது. பார்த்துக் கற்க நான்கு படிகள் வேண்டும் என்று பண்டூரா வகுத்தார்: கவனிக்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், செய்ய உடல் இசைய வேண்டும், செய்ய மனம் விரும்ப வேண்டும். பின்னாளில் வீடியோ பயிற்சி பலித்த இடங்களையும் பலிக்காத இடங்களையும் விளக்க இந்த நான்கே பெரும்பாலும் போதுமானவையாக இருக்கின்றன.

1970இல் கிரியர், மிக்லிச் என்ற இருவர், ஆஸ்துமா சிகிச்சை பெற்றுவந்த ஒரு சிறுவனை அவனே நன்றாக நடந்துகொள்ளும் காட்சிகளில் நடிக்க வைத்து, அதை அவனுக்கே போட்டுக் காட்டினார்கள். தன்னையே முன்மாதிரியாகக் கொள்ளும் வழி இப்படித் தொடங்கியது. பீட்டர் டௌரிக் இதை விரித்து இரண்டாகப் பிரித்தார். ஒருவர் எப்போதாவது நன்றாகச் செய்வதைத் தொகுத்துக் காட்டுவது ஒன்று. அவர் இன்னும் தனியாகச் செய்யாத ஒன்றை, உதவியோடு செய்ய வைத்து, உதவிய பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டு, அவரே தனியாகச் செய்வது போலக் காட்டுவது இன்னொன்று. நாளை நீ இப்படி இருப்பாய் என்று இன்றே காட்டுவது இந்த இரண்டாவது வகை.

யாரைப் படம் பிடிப்பது?

நடைமுறையில் நான்கு வகை வீடியோக்கள் புழங்குகின்றன. பெரியவரோ சக வயதுப் பிள்ளையோ நடித்துக் காட்டுவது முதல் வகை. கற்பவரையே காட்டுவது இரண்டாவது. கேமராவைக் கற்பவரின் கண் மட்டத்தில் வைத்து, அவர் கைக்கும் கண்ணுக்கும் தெரிவதை மட்டும் எடுப்பது மூன்றாவது. நீண்ட செயலைப் படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டைக் காட்டி, அதைச் செய்தபின் அடுத்ததைக் காட்டுவது நான்காவது.

தன்னையே காட்டுவதுதான் சிறந்தது என்று பலரும் எண்ணுவது இயல்பு. ஆனால் ஷெரரும் சகாக்களும் 2001இல் ஆட்டிசம் உள்ள ஐந்து குழந்தைகளிடம் தன்னைக் காட்டுவதையும் பிறரைக் காட்டுவதையும் ஒப்பிட்டபோது பொதுவான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வீடியோவால் கற்ற குழந்தை இரண்டு வகையாலும் கற்றது. கற்காத குழந்தைக்கு இரண்டுமே உதவவில்லை. பார்த்துக் கற்கும் திறன் முன்பே மிகுந்திருந்த பிள்ளைகளே பயன்பெற்றதாக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். திரையில் யார் வருகிறார் என்பதைவிட, பார்ப்பவர் யார் என்பதே பெரிய கேள்வி. எனவே பயிற்சி தொடங்கும் முன்பே குழந்தை ஒரு நிமிடம் திரையைக் கவனிக்கிறதா, சற்று முன் பார்த்த எளிய செயலைத் திரும்பச் செய்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். செய்யவில்லை என்றால் முதலில் நேரில் பின்பற்றிச் செய்யும் பயிற்சிதான் தேவை.

ஆட்டிசம்: அதிகம் ஆராயப்பட்ட களம்

உரையாடலை வீடியோவால் கற்பிக்கலாம் என்று காட்டிய முன்னோடி ஆய்வு சார்லப், மில்ஸ்டீன் இருவரும் 1989இல் வெளியிட்டது. இருவர் ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றிக் கேட்டும் பதில் சொல்லியும் பேசும் வீடியோவை ஆட்டிசம் உள்ள மூன்று சிறுவர்கள் பார்த்தார்கள். பிறகு அதே போல் பேசக் கற்றார்கள். வேறு தலைப்புகளிலும் பேச்சு நீண்டது. 15 மாதங்கள் கழித்தும் நிலைத்தது. 2000இல் சார்லப்–கிரிஸ்டியும் சகாக்களும் ஐந்து குழந்தைகளிடம் நேரில் நடித்துக் காட்டுவதையும் வீடியோவையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் வீடியோவே விரைவாகப் பலன் தந்தது. கற்றதைப் புதிய இடங்களுக்கும் கொண்டுபோக உதவியது.

காரணம் பலவாறு விளக்கப்படுகிறது. நேரில் பேசும் ஒருவர் முகம், குரல், உடை, அசைவு, எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் குழந்தையின் மேல் கொட்டுகிறார். திரை ஒரு சட்டகத்துக்குள் தேவையானதை மட்டும் வைக்கிறது. எத்தனை முறை போட்டாலும் அது மாறாது, சலித்துக்கொள்ளாது. அது குழந்தையைப் பார்த்துப் பதிலை எதிர்பார்த்து நிற்பதுமில்லை. மனிதர் கூட்டத்தில் திணறும் பிள்ளைக்கு அந்த நெருக்குதல் இல்லாத சில நொடிகள்தான் கவனிக்க இடம் தருகின்றன.

பெலினி, அக்குலியன் இருவரும் 2007இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 73 பேர். சமூகப் பேச்சு, அன்றாடச் செயல், நடத்தை ஆகியவற்றில் வீடியோ முன்மாதிரி உதவுகிறது என்பதே அவர்கள் முடிவு. வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஆட்டிசத்துக்கான ஆதாரமுள்ள 28 வழிமுறைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

இந்தச் சான்றுகளின் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 23 ஆய்வுகளில் 73 பேர் என்றால் ஓர் ஆய்வுக்குச் சராசரியாக மூன்று பேர். ஒவ்வொரு குழந்தையையும் தன்னோடு தானே ஒப்பிடும் சிறு ஆய்வுகள்தான் இத்துறையில் மிகுதி. அவை நுணுக்கமானவை, ஆனால் யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல உதவாதவை. பலிக்காத முயற்சிகள் அச்சேறுவதும் குறைவு. “ஆதாரமுள்ள முறை” என்ற முத்திரையைப் பார்த்து எல்லாக் குழந்தைக்கும் இது வேலை செய்யும் என்று எந்த மையமும் பெற்றோருக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது.

பேச்சுப் பயிற்சியாளர் மறக்கக்கூடாத இன்னோர் ஆய்வு பிளாவ்னிக், ஃபெரேரி இருவரும் 2011இல் செய்தது. ஒரு குழந்தை உண்மையில் எதை அடைய முயல்கிறது என்று முதலில் கண்டறிந்து, அதைக் கேட்டுப் பெறும் காட்சியை வீடியோவாக்கியபோதுதான் கேட்கும் பேச்சு வளர்ந்தது. அம்மாவின் கவனத்துக்காக ஏங்கும் பிள்ளைக்கு “பிஸ்கட் குடு” என்ற வீடியோவைக் காட்டினால் வாய் திறக்காது. “அம்மா, இங்க பாரு” என்ற வீடியோவே அதற்கு வேண்டும். பண்டூராவின் நான்காவது படியான விருப்பம் இங்கே தன் வேலையைக் காட்டுகிறது.

திக்குதல், பக்கவாதம், டவுன் சிண்ட்ரோம்

திக்கிப் பேசுபவர்கள் தாங்கள் தடையின்றிப் பேசிய பகுதிகளை மட்டும் தொகுத்துப் பார்க்கும் முறையை 1990களில் மெலிசா பிரே, தாமஸ் கெலே இருவரும் பள்ளி மாணவர்களிடம் முயன்றார்கள். திக்கல் குறைந்ததாக அறிவித்தார்கள். ஆனால் 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 89 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, சிகிச்சைக்குப் பின் தங்கள் வீடியோவைப் பார்த்தவர்களின் திக்கல் எண்ணிக்கை, பார்க்காதவர்களைவிடக் குறையவில்லை. அதே வேளை, வீடியோ பார்த்தவர்கள் தங்கள் பேச்சைப் பற்றி அதிக நிறைவு கொண்டிருந்தார்கள். திக்கல் குறைந்ததாகத் தாங்களே உணர்ந்தார்கள். இதைத் தோல்வி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. திக்குதலின் சுமை நின்று வரும் சொற்களில் மட்டும் இல்லை. பேசும் முன்பே தொண்டையை அடைக்கும் அச்சத்திலும் இருக்கிறது. தன் குரலைத் தானே கேட்டு நிறைவு கொள்வது அந்த அச்சத்தின் மேல் செய்யப்படும் வேலை.

பக்கவாதத்துக்குப் பின் புரிதல் பெரும்பாலும் தங்கி, பேச்சு மட்டும் ஓரிரு சொற்களாய்ச் சுருங்கும் புரோகா வகை அஃபேசியாவில் கிடைத்திருக்கும் முடிவு வியப்பானது. தென் கரோலினாவில் ஜூலியஸ் ஃப்ரிட்ரிக்சனின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் சிறு திரையில் ஒருவர் வாயசைத்துப் பேசுவதைப் பார்த்தபடி, அவரோடு சேர்ந்தே பேசினார்கள். தாமாகப் பேசும்போது வருவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பேச்சு வந்தது. குரலை மட்டும் கேட்டுப் பேசியபோது அந்த அளவு பலன் இல்லை. வாயைப் பார்ப்பதே பேச்சின் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது. பேச்சைக் கண்ணும் கேட்கிறது என்பதை மெக்கர்க், மெக்டொனால்டு இருவரும் 1976இலேயே காட்டியிருந்தார்கள்: உதடு ஓர் ஒலியைக் காட்ட, காதில் இன்னோர் ஒலி விழுந்தால், நாம் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறோம். நம் ஊர்களில் பக்கவாதத்துக்குப் பின் கை கால் பயிற்சிக்குக் காட்டப்படும் அக்கறையில் பாதிகூடப் பேச்சுக்குக் காட்டப்படுவதில்லை. வீட்டில் மகளோ பேரனோ போனில் பதிந்து தரும் சில வாக்கியங்களோடு தாத்தா தினமும் சேர்ந்து பேசிப் பழகுவது, தெரபிஸ்ட் வழிகாட்டினால், எந்தச் சிற்றூரிலும் முடியும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததை வைத்திருப்பது எளிது. எனவே அவர்களுக்கும் வீடியோ முன்மாதிரி பொருந்தும். பேச்சுக் கருவியையும் செயலியையும் கொண்டு பேசுபவர்களுக்கும் அப்படியே. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் போன்ற செயலியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பேச்சு வராது. படத்தைத் தொட்டு ஒருவர் கேட்பதையும், கேட்டது கிடைப்பதையும் அது பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பேசக் கற்பதற்கு முன் ஆயிரக்கணக்கான முறை பேச்சைக் கேட்கிறார்கள். கருவியால் பேசும் பிள்ளை, கருவியால் பேசும் இன்னொருவரைப் பார்த்ததேயில்லை. அந்தக் குறையை வீடியோ ஓரளவு நிரப்பும்.

திரை எங்கே தோற்கிறது?

இப்போது மருத்துவரின் எச்சரிக்கைக்கு வருவோம். 2003இல் பாட்ரிசியா குல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைக் கேட்கச் செய்தார். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள் அதே பேச்சை வீடியோவில் பேசியபோது ஒன்றும் கற்கவில்லை. 2010இல் ஜூடி டிலோச்சின் குழு, ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளிடம் சொல் கற்பிக்கும் வீடியோ ஒன்றைச் சோதித்தது. ஒரு மாதம் பார்த்தும் பெரிதாகப் பலனில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோரே சொல்லிக் கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

பயிற்சி வீடியோ இதிலிருந்து எங்கே விலகுகிறது? அது அரை நிமிடம் ஓடுகிறது. ஒரே செயலைக் காட்டுகிறது. குழந்தையின் வாழ்வில் உள்ள ஒரு தேவையைத் தொடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முடிந்ததும் ஒரு மனிதர் தொடங்குகிறார். திரையை அணைத்துவிட்டு, அதே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து நொடி வாய்மூடிக் காத்திருக்கும் அம்மாதான் பேச்சை வரவழைக்கிறார். குழந்தை பாதிச் சொல் சொன்னாலும் பந்து அதன் கைக்கு வருகிறது. நன்றாக நடந்த ஆய்வுகள் பலவற்றில் இந்தப் பின்பகுதி இருந்தது. யூடியூபில் ஓடும் “பேச்சு வளர்க்கும்” பாடல்களில் அது இல்லை. பயிற்சி நடப்பது வீடியோ முடிந்தபின் வரும் இரண்டு நிமிடங்களில்.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. வீடியோவின் வசனத்தை அச்சு மாறாமல், இடம் பொருள் இல்லாமல் சில பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஒரே காட்சியை இரண்டு மூன்று ஆட்களைக்கொண்டு, சொற்களைச் சற்று மாற்றி எடுத்தால் இது குறையும். குழந்தை சொல்லத் தொடங்கியதும் ஒலியைக் குறைத்து, பிறகு முடிவுப் பகுதியை வெட்டி, கடைசியில் வீடியோவையே நிறுத்திவிட வேண்டும்.

தமிழில் எடுக்கும்போது

கிடைக்கும் ஆயத்த வீடியோக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழில் உள்ளவையும் பலவேளை பாடப்புத்தக நடையில் பேசுகின்றன. “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று எந்த வீட்டில் எந்தக் குழந்தை கேட்கிறது? அது கேட்க வேண்டியது “அம்மா, தண்ணி குடு.” பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், பார்த்துக் கற்கும் குழந்தைக்கு எழுத்து நடையைக் காட்டுவது, வீட்டில் யாரும் பதில் சொல்லாத ஒரு பேச்சைக் கற்பிப்பதாகும். கொங்குப் பகுதிக் குழந்தைக்குக் கொங்குப் பேச்சும், நெல்லைக் குழந்தைக்கு நெல்லைப் பேச்சும் காட்டப்பட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைக்கு ஆய்வில் ஆதாரம் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சைக் கெடுப்பதாகத் தெரியவில்லை.

சமூகப் பேச்சும் அப்படியே. வெளிநாட்டு வீடியோவில் வரும் பிள்ளை கையசைத்து நலம் விசாரிக்கும். நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் “வாங்க” என்று சொல்ல வேண்டும். பாட்டியிடம் “சாப்டீங்களா?” என்று கேட்டால் அந்தப் பாட்டி நாள் முழுவதும் பேரனோடு பேசுவார். பேச்சுக்குப் பரிசாக மறுபேச்சு கிடைக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்துப் படம் பிடிக்க வேண்டும்.

உச்சரிப்புப் பயிற்சியில் முகத்தை நேரே எடுக்கும் வீடியோ எல்லா ஒலிக்கும் உதவாது. பகரமும் மகரமும் உதட்டில் ஒரே மாதிரி தெரியும். வேறுபாடு மூக்கில் இருக்கிறது. விரலை மூக்கின் மேல் வைத்து அதிர்வைக் காட்டும் காட்சியும் சேர வேண்டும். ளகரத்துக்கும் ழகரத்துக்கும் நாக்கு உள்ளே வளைவதால் வெளியே எதுவும் தெரியாது. அங்கே நாவின் நிலையைக் காட்டும் வரைபடமோ அசைபடமோ வேண்டும். த, ல போன்றவற்றில் நாக்கு நுனி ஓரளவு தெரிவதால் பக்கத்திலிருந்து எடுத்த காட்சி பலன் தரும்.

பெற்றோரே திரையில்

வீடியோ முன்மாதிரியின் நெருங்கிய உறவு ஒன்று தெற்காசியாவிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2010இல் வெளியான பயிற்சிமுறை ஒன்றில், தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து, தாய்க்கே போட்டுக் காட்டிப் பேசுவார்கள். குழந்தை எதைப் பார்த்தது, தாய் எப்போது அதைப் பின்தொடர்ந்தார், எப்போது அவசரப்பட்டார் என்று சேர்ந்து கவனிப்பார்கள். இதை நம் சூழலுக்கு மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர். அதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பதில் சொல்வது கூடியது; குழந்தைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. அதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். நிபுணர் இல்லாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் நம் பக்கத்தில் வேறில்லை.

ஒப்புதலும் கண்ணியமும்

பயிற்சிக்கு எடுத்த வீடியோ ஒரு மனிதரின் மருத்துவ ஆவணம். மையத்தின் விளம்பரத்துக்கோ வாட்ஸ்அப் குழுவில் பெருமை பேசவோ அது எடுக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. அதோடு நில்லாமல், படத்தில் இருப்பவரிடமும் அவருக்குப் புரியும் வழியில் கேட்க வேண்டும். பேச முடியாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் பதில்தான்.

எதைக் கற்பிக்கிறோம் என்பதும் கண்ணியத்தைத் தொடும் கேள்வி. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று வீடியோ வழியே பழக்குவது, தங்களை மறைத்துக்கொள்ளச் சொல்வதாகவே இருந்தது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் ஏற்க வேண்டும். “வேணாம்”, “வலிக்குது”, “போதும்” ஆகிய சொற்கள் “வணக்கம்” என்பதற்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டியவை. தன் உடலைக் காக்க உதவும் பேச்சுதான் முதல் பேச்சு.

செய்ய வேண்டியது

மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வட்டாரப் பேச்சுத் தமிழில், நம் வீட்டு அடுப்பங்கரையும் பள்ளி மைதானமும் பஸ் நிறுத்தமும் பின்னணியாக, சில நூறு குறு வீடியோக்களை உருவாக்கிப் பொதுவில் வைப்பது இத்தகைய நிறுவனங்களால் ஆகக்கூடிய காரியம். அவற்றோடு, வீடியோ முடிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் சிறப்பாசிரியருக்கும் காட்டும் வீடியோவும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வீடியோ இல்லாமல் முதலாவதை மட்டும் அனுப்பினால், ஏற்கெனவே திரை நிறைந்த வீட்டுக்கு இன்னொரு திரையைச் சேர்த்தவர்களாவோம்.

ஒவ்வொரு மையமும், வீடியோ தொடங்கும் முன் குழந்தை எத்தனை முறை தானாகப் பேசியது, இரண்டு வாரம் கழித்து எத்தனை முறை பேசியது என்று எழுதி வைத்தாலே போதும். யாருக்கு இது உதவுகிறது என்பதைத் தமிழ்க் குழந்தைகளைக்கொண்டே நாம் அறிய முடியும். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் வழியை மாற்ற வேண்டும். குழந்தையின் நேரம் நம் முறையின் மேல் நாம் வைக்கும் பற்றைவிட மதிப்புள்ளது. கருவி ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதை அணைத்த பிறகு குழந்தையின் எதிரே உட்கார்ந்து காத்திருக்கப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே இப்போது பேச்சுப் பயிற்சித் துறையின் முதன்மையான பொறுப்பு.